பெடலை மிதிக்க ஒரு ஆள்

பிப்ரவரி 9, ஞாயிறு

வந்துவிட்டது! வண்டி வந்துவிட்டது!!

கங்காதர நெல்லூரில் வேங்கடாசலம் என்பவரின் மாந்தோப்பில் ஆறு வருடமாக நின்ற பிக்கப். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த மாடல். நான்கு டயரும் மண்ணில் பாதி புதைந்திருந்தன. இன்ஜினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. லாரியில் ஏற்றி புத்தூருக்குக் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்தில் இறக்கினோம்.

அம்மா பார்த்துவிட்டு, "வண்டி வாங்கியாறேன்னு போய்ட்டு வண்டியோட பொணத்த இட்டாந்துகீறியேடா" என்றாள்.

நைனா சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக அடுத்தவன் வண்டியில் மாங்காய் ஏற்றி ஓட்டுகிறவர். ஒரு சுற்று சுற்றிவந்து கதவைத் திறந்தார். டிரைவர் சீட்டில் ஸ்பிரிங் மட்டும்தான். "ஓட்ற மாதிரி ஆனா சொல்லு, அப்ப குந்தறேன்" என்றார்.

இந்த சீசனில் நைனா சொந்த வண்டி ஓட்டணும். எழுதி வைத்துவிட்டேன். இனி மாறாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் துரு சுரண்டல். கையெல்லாம் கொப்புளம். என் யூடியூப் சேனலுக்குப் பெயர் வைத்துவிட்டேன்: 'மெக்கானிக் கை படாத வண்டி'. எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது. போர்ச்சுகீசில் பேசுகிற ஒரு ஆளிடம் கார்புரேட்டர் கற்றுக்கொண்டேன்! மொழி எதற்கு, கைதானே பேசுகிறது.

மார்ச் 12, புதன்

ஸ்டார்ட் ஆச்சு!!! புகை தெரு முழுக்க. எதிர்வீட்டு ஜெயம்மா கொசு மருந்து என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். நைனா சோறு துன்னுகினு இருந்தவர் எச்சில் கையோடு ஓடிவந்தார். இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். "ஒரு வால்வு தட்டுது" என்றார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

மார்ச் 22, சனி

வண்டிக்குப் பூஜை எப்போது போடுவது? ஆந்திராவில் பிறந்த தமிழனுக்கு இரண்டு வருஷப் பிறப்பு. பள்ளிக்கூடத்தில் யுகாதி, வீட்டில் சித்திரை. அம்மா, "நம்ம வருசப் பொறப்புக்கு போடுடா, இன்னா அவசரம்?" என்றாள். சேனல் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தெலுங்குக்காரர்கள். யுகாதி அன்று வீடியோ வந்தால் எங்கேயோ போய்விடும். யுகாதிதான் என்று முடித்துவிட்டேன். எட்டே நாள்.

மார்ச் 28, வெள்ளி

பிரேக் பைப்பில் ஏர் எடுக்க வேண்டும்; உள்ளே காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விடுவது வழக்கம். நைனா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். "நான் மிதிக்கறேன், நீ தொற."

"வேணாம் நைனா. ஒத்த ஆளா எடுக்கறதுதான் வீடியோவே. பாட்டிலும் ட்யூபும் போதும்."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீடியோ போட்டேன். மூன்று மணி நேரத்தில் ஒன்பதாயிரம் பேர்!

மார்ச் 29, சனி

பெடல் முதல் மிதியில் கீழே போகிறது. மூன்றாவது மிதியில் பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிளும் இன்னும் வரவில்லை. பரவாயில்லை — நாளைக்குக் கங்கம்மா கோயில் வரைக்கும்தானே. சித்திரைக்குள் சரிபண்ணிவிடலாம்.

மார்ச் 31, திங்கள்

திருப்பதி ஆஸ்பத்திரி வராண்டா.

நேற்று. கோயில் வாசல் சரிவு. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். நைனா புது வேட்டி. அவரே பூசணிக்காய் சுற்றி உடைத்தார். வண்டிக்கு எதிரே மதில் ஓரமாக நின்று, "வா... வா... பழம் நசுங்கட்டும்" என்று கை காட்டினார். நான் கியரைப் போட்டு நகர்த்தினேன். பழம் நசுங்கியது. மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. இரண்டாவது மிதிக்கும் பிடிக்கவில்லை. மூணாவது மிதில நின்னுச்சி. நின்னப்போ நைனாவோட வலது காலு பம்பருக்கும் மதிலுக்கும் நடுவுல கீது.

அவர் கத்தவே இல்ல. "ரிவர்ஸ் போடு. மெதுவா" ன்னார். எனக்கு ரிவர்ஸ் எங்க கீதுன்னே மறந்துபோச்சி.

போன் ஓடிக்கினே இருந்துச்சி. எல்லாம் ரெக்கார்ட் ஆகிகீது.

ஏப்ரல் 3, வியாழன்

"காலு தீசேயாலி" என்றார் டாக்டர். அம்மாவுக்கும் தெலுங்கு நன்றாக வரும். இருந்தும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடா சொல்றாரு? இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள். காலை எடுக்கணும் என்று நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

முழங்காலுக்குக் கீழே.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஆஸ்பத்திரி சாப்பாடு.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் கண்ணு பட்டுவிட்டது என்கிறார்கள். தோப்பிலேயே வண்டியில் ஏதோ இருந்திருக்கும் என்கிறார் மாமா ரமணா. நைனா எல்லோரிடமும் ஒரே கதை: "எலுமிச்சம்பழம் நசுங்கி டயர் வழுக்கிச்சி. பையன் இன்னா பண்ணுவான்?"

இருபத்தாறு வருட டிரைவர். ஒரு பழத்தில் டயர் வழுக்குமா?

நான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து நாள். அன்று அம்மா சொன்னபடி சித்திரை வரைக்கும் பொறுத்திருந்தால்?

ஏப்ரல் 20, ஞாயிறு

ஏர் எடுக்கும் வீடியோவில் ஒருவன் எழுதியிருந்தான்: 'ப்ரோ, உங்கள பாத்து எங்கப்பா ஆட்டோவுக்கு ஒத்த ஆளா பண்ணிட்டேன்.' உடனே பதில் போட்டேன் — ஓட்டாத, ரெண்டு பேரா பண்ணு. படித்தானா தெரியவில்லை. சேனலிலிருந்து வீடியோவை நீக்கிவிட்டேன்.

மே 19, திங்கள்

மாங்காய் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சத்தத்துக்கும் வண்டி எது, ஓட்டுவது யார் என்று வீட்டில் படுத்தபடியே நைனா சொல்கிறார். கேட்காமலே.

ஜூன் 8, ஞாயிறு

வண்டியை விற்கிறோம். நகரியிலிருந்து அப்பாவு என்பவர் நாளைக்கு வந்து எடுத்துப் போகிறார். நைனாதான் பேசி முடித்தார்.

காலையில் கட்டை ஊன்றி வண்டிக்கிட்டே வந்தார். "ஸ்பேனர எடுத்தாந்து வை. ஏர் எடுக்கலாம்."

"நான் எடுத்துக்கறேன் நைனா."

"வாங்கறவனுக்கும் காலு கீதுடா."

கதவைத் திறந்தார். நான் தைத்த சீட். அதில் ஏறப் போனார். பிடித்து ஏற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். இடது காலைப் பெடலில் வைத்தார்.

சக்கரத்தடியில் படுத்தேன்.

"மிதிச்சிட்டேன். தொற."

திறந்தேன். ட்யூபில் குமிழி குமிழியாக வந்தது.

"வருதா?"

"வருது நைனா."

"நெறைய?"

"...நெறைய."

மேலேயிருந்து சொன்னார்: "அன்னிக்கி கோயில் வாசல்ல வந்து நிறுத்தும்போதே நீ மூணு வாட்டி மிதிச்ச. பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் நைனா எதிர்ல நின்னீங்க?"

"மூடு. அடுத்த சக்கரத்துக்குப் போ."

நான்கு சக்கரமும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பெடல் முதல் மிதியிலேயே கல் மாதிரி நின்றது. நைனா உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி இருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள்.

அப்புறம் சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

அப்பாவு நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறார்.