டக் பிடிக்காத பாவாடை

சேசு மரி சூசை துணை

அஸ்தம்பட்டி, சேலம்
15-11-1964

அன்பு மகள் அன்னாளுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் நானும் அம்மாவும் தங்கச்சி ஞானமேரியும் சுகம், என் தையல் மிஷின்கூட இந்த மாதம் மக்கர் செய்யவில்லை. நாக்பூர்க் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும், ராத்திரி காதைக் கட்டிக்கொண்டு படு.

உன் கடிதம் கிடைத்தது. நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு யாரோ சேட்டு வீட்டுக் கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போனால் அடுத்த மாதமே எங்கள் அரிசிக்குப் பணம் அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறாய். அம்மா படித்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள், அப்புறம் அரிசிக்கடை வரிசைக்கு நேரமாச்சுங்க என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இங்கே எல்லாருக்கும் இன்றைக்கு உலை வைப்பதைத் தாண்டி புத்தி நகர மாட்டேன் என்கிறது. தீபாவளிக்குத் தன் மகள் பாவாடைக்குத் துணி கொண்டுவந்த பச்சமுத்து, டக்கெல்லாம் வேண்டாமுங்க, அந்தத் துணி மிச்சம்தானுங்களே என்றார். பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடத்தானே மடித்துத் தைக்கிறோம் என்று அவரைக் கேலி செய்தேன். கேலி செய்த இந்த மேதாவியின் வீட்டில் நடந்ததைக் கேள். மார்ச் மாதம் ஈஸ்டர் பாஸ்குத் திருநாளுக்கு ஞானமேரிக்கு டக் இல்லாமல் தைத்து, மிஞ்சிய துணியை விற்று அரிசி வாங்கினோம். சோறு நன்றாகத்தான் இருந்தது. இப்போது பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது, தையல்காரன் மகள் அப்பனைத் திட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறாள்.

நீ சொல்வதும் அதே பாவாடைதான் அம்மா. உன் பணம் வேண்டாம் என்று மார்தட்ட நான் வீரன் இல்லை, வயிறு கேட்கத்தான் செய்கிறது. ஆனால் படிப்பை விடாதே என்று சொன்னால் கேட்கிற பிள்ளையா நீ, அம்மா மாதிரிதானே. அதனால் கிறிஸ்மஸ் தையலுக்கு வந்த முன்பணத்தில், அடுத்த வருஷம் நீ போட வேண்டிய கடைசி வருஷத்து உடுப்புக்கு வெள்ளைத் துணி எடுத்துவிட்டேன். உன் அம்மா திட்டிய திட்டு ஏற்காடு வரைக்கும் கேட்டிருக்கும். இருந்தும் நான் கத்தரி போடும்போது மறுமுனையை அவள்தான் இழுத்துப் பிடித்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

தேவமாதா உன்னைக் காப்பாராக. பழைய அளவுக்குத்தான் வெட்டினேன், உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன், இளைத்தாயா பெருத்தாயா என்று எழுது. உங்கள் நர்ஸ் பள்ளி மதரிடம் படிப்பிலிருந்து விலகுவதாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கே போய் இல்லை என்று சொல். வெட்டின துணியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கஸ்பார்