சேமிக்க மறுத்த மாடிவீடு

மார்ச் 3, செவ்வாய்

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

புதிதாக மாடிவீடு கட்டப்போகிற ஒரு வீட்டுக்காரருக்கு அம்மா வரைந்துகொண்டிருக்கும் பிளானைக் கம்ப்யூட்டர் சேமிக்க மாட்டேன் என்கிறது. அம்மா எத்தனை முறை அழுத்தினாலும் ‘சேமிக்க முடியவில்லை’ என்ற அதே பெட்டிதான் வருகிறது.

நேற்று அவள் கடைக்குப் போயிருந்தபோது நான் அதில் உட்கார்ந்தேன். பரீட்சை முடியும்வரை தொடக்கூடாது என்பது உத்தரவு. அம்மா பிளான் வரைகிற புரோகிராமைத் திறந்து, சுவர் போடும் கோட்டாலேயே ஒரு பூனை வரைந்தேன். சாவிச் சத்தம் கேட்டதும் அதை என் ஃபோல்டரில் சேமித்து, பட்டென்று மூடிவிட்டு ஓடினேன். அதனால்தான் கெட்டதா? தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்.

மார்ச் 4, புதன்

அம்மா கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. அணைத்தால் முதல் மாடி முழுக்கப் போய்விடும். அது இப்போது திரையில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டாள். அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியோடு போன அக்காவுக்குத் திட்டு விழுந்தது.

“ஐ.சி.யூ.வுல வெச்சிருக்காடீ. பார்க்கிற நேரம் எப்போன்னு கேட்டு வை” என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்ட் போனால்?

பிளானைத் திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

மார்ச் 5, வியாழன்

பயந்துகொண்டே இருப்பதற்குப் பதில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சாயங்காலம் அம்மா மனை அளக்கப் போயிருந்தாள். அவளுடைய பிளானை நான் தொடவில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்து ஒரே ஒரு கோடு போட்டு, அம்மாவின் பிளானுக்கு இருப்பது போலவே நீளமாக ஒரு பெயர் வைத்தேன்.

என் ஃபோல்டரில் சேமித்தேன். போனது. அப்படியானால் டிஸ்க் நிரம்பவில்லை, புரோகிராமும் கெடவில்லை. பிளான் போக வேண்டிய அம்மாவின் ஃபோல்டரில் சேமித்தேன். அதே பெட்டி!

ஒரு வீட்டுக்கு ஒரே ஃபோல்டர் என்பது அம்மாவின் கொள்கை; வேறெங்கும் சேமித்துப் பார்த்திருக்கவே மாட்டாள். முன்பொரு தடவை புதிய பிளான் வேறெங்கோ கிடந்ததால், பழையதை வைத்து மேஸ்திரி சுவரே எழுப்பிவிட்டார். அதிலிருந்து வீட்டுக்காரர் மனசு மாறும்போதெல்லாம், இருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே இன்னொன்று போடுவாள். ‘கடைசி’. அதற்குள் ‘மாடிப்படி இடம் மாற்றிய கடைசி’. அதற்குள் ‘வீட்டுக்காரர் மச்சான் சொன்ன கடைசி’. இன்னும் உள்ளே, உள்ளே. ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொன்றிலும் என் கோட்டைச் சேமித்தேன். எல்லாவற்றிலும் போனது, அடியில் இருந்த புத்தம் புதியதில் மட்டும் போகவில்லை.

அங்கேயே, கோட்டுக்கு ஒற்றை எழுத்தில் பெயர் வைத்தேன். போனது!

பிளான் இருக்கும் இடத்துக்குப் போகிற வழி நீளமாகிவிட்டது, அவ்வளவுதான். எல்லா ஃபோல்டர் பெயரும் பிளான் பெயரும் சேர்ந்து, புரோகிராம் தாங்குகிற அளவைத் தாண்டிவிட்டன. நான் ஒன்றும் உடைக்கவில்லை. நான் உடைக்கவே இல்லை.

ஆனால் இதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பாளே?

மார்ச் 6, வெள்ளி

நாளைக் காலை ரிப்பேர்காரர் வருகிறார். அணைத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டுமாம். ராத்திரி பகலாக உட்கார்ந்து திரும்ப வரைந்துவிடுகிறேன் என்கிறாள் அம்மா. அவள் கண் இப்போதே சிவந்திருக்கிறது. நான் ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை?

மார்ச் 7, சனி

ரிப்பேர்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா டேப்பை உரிக்கக் குனிந்தாள்.

“அம்மா, பேரைச் சின்னதா வெச்சுப் பாரு. ஒரே எழுத்து போதும்.”

என் குரல்தானா அது? அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ஓர் எழுத்து அடித்தாள். பெட்டி வரவில்லை. பிளான் போய் உட்கார்ந்துகொண்டது.

ரிப்பேர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “பாப்பாவே பார்த்துடுச்சு, எனக்கென்ன வேலை” என்று கிளம்பிவிட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்த அம்மா கேட்டாள்.

“எப்போலேருந்துடீ இதுல உட்கார்ற?”

சொல்லிவிட்டேன். பூனையையும் திறந்து காட்டினேன். அடி விழவில்லை. அதைவிட மோசம், சாப்பாட்டின்போதுகூடப் பேசவில்லை.

மார்ச் 9, திங்கள்

பிளான் கொடுத்தாகிவிட்டது. அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். கணக்குப் பரீட்சை பற்றி மட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரர் போன் செய்தார். சமையலறை ஜன்னல் வேண்டாமாம், கதவு வேண்டுமாம். அம்மா போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

“கணக்கு முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்.”

அவள் தன் நாற்காலியை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள். “வா. இந்தச் சுவரை நீ உடை. கதவை நான் போடுறேன்.”