பெருநாளன்று எழுதிய ஈதர்

இன்று காலை கண் காட்டச் சுள்ளிக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நீ மௌத்தாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியதை இப்போதுதான் எழுத உட்காருகிறேன்.

மட்டாஞ்சேரி மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் நாய்களின் காலைப் பிடிப்பது உன் வேலை. பதிவேடு எழுதுவது என் வேலை. அறுப்பதற்கு முன் ஈதர் கொடுத்து மயக்க வேண்டும் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. ஈதர் தட்டுப்பாடு என்று சொல்லி கம்பெனி டாக்டர் அப்படியே அறுத்தார். சத்தம் என் மேசை வரைக்கும் வரும், நான் கதவைச் சாத்திக்கொள்வேன். நீ வெளியே வந்து, நாயின் எச்சில் பட்டால் மார்க்கம் சொல்கிறபடி மண்ணைத் தேய்த்து ஏழு தடவை கை கழுவுவாய்.

"போச்சா உன் தீட்டு?" என்று கேலி செய்வேன்.

"கையில உள்ளது போயிடும். காதுல உள்ளதுக்கு என்னடா வழி?" என்பாய்.

சோதனைக்கு வருகிறோம் என்று சர்க்கார் முன்கூட்டியே கடிதம் போடும். திருடனுக்குச் சொல்லிவிட்டு வரும் போலீஸ்! உடனே கூண்டுகளுக்கு வெள்ளையடிப்பார்கள், எங்கும் பினாயில் ஊற்றுவார்கள். புண்பட்ட நாய்களை வள்ளத்தில் ஏற்றி வல்லார்பாடம் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதத்துப் பக்கங்களில் 'ஈதர் கொடுக்கப்பட்டது' என்று எழுதி, சாட்சியாக நம் இருவர் பெயரையும் போடச் சொன்னார் டாக்டர். ஒரே மூச்சில் எழுதினேன். நோன்புப் பெருநாளுக்கும் சேர்த்து எழுதித் தொலைத்தேன்.

இன்ஸ்பெக்டர் கூண்டுப் பக்கமே போகவில்லை. சாயா குடித்தபடி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடாமலே நீ உள்ளே வந்தாய்.

"சாரே, அதுல எழுதினது பூராப் பொய். ஈதர் கொடுத்து நான் கண்டதே இல்ல. பெருநாளன்னைக்கு யாரு பேரு இருக்குன்னு பாருங்க. அன்னைக்கு நானும் இவனும் பள்ளியில தோளோட தோள் நின்னு தொழுதோம்."

அவர் பக்கத்தைத் தேடி எடுத்தார். நம் பெயர்கள் இருந்தன. "உண்மையா?" என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பின்னால் டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"இல்ல சார். நான் அன்னைக்குப் பள்ளிக்குப் போகல. இங்கதான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

அன்றைக்கே உன்னை நிறுத்தினார்கள். நீ என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். வாசலில் நின்று, "நீ என்கூடத் தொழவே இல்லையாடா?" என்று மட்டும் கேட்டாய். நான் என் மேசைக்குத் திரும்பி நடந்தேன். பள்ளுருத்தியில் மூட்டை தூக்கியே நெஞ்சு விட்டுப்போய், சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தாய். உன் ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில், யார் கண்ணிலும் படாமல் நின்றேன்.

உன்னை வேலையை விட்டு நிறுத்திய பிறகு அந்தக் கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. எனக்கு வேலை நிரந்தரமானது. உன் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, மறுவாரமே டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். பழுப்பு நிறத்தில் ஒரு தெருநாய். மேசையில் ஏற்றியதும் என் மணிக்கட்டை நக்கியது. அதன் முன்னங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். கத்தி உள்ளே போனபோது அது டாக்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தது. அன்று சாயங்காலமும் 'ஈதர் கொடுக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அந்தக் கால்கள் உதறிய உதறல் இந்த உள்ளங்கைகளை விட்டுப் போகவில்லையடா. தொழுகையில் கை கட்டும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.