ஜேம்ஸைப் பற்றி விசாரித்தது

2025 மார்ச் 3, திங்கள்

முதியோர் இல்லச் சமையலறையில் இன்று முழுக்க உருளைக்கிழங்கு உரித்தேன். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால், மகள் கஜந்தி ஒருவனைக் கட்டப் போகிறாளாம். வெள்ளைக்காரன். அதைக்கூட விழுங்கியிருப்பேன். ஆமிக்காரனாம்! பிரித்தானியக் காலாட்படையில் இருந்து ஆப்கானிஸ்தானில் சண்டை பிடித்தவன். இப்போது இங்கே டென்மார்க்கில், எங்கள் ஹோர்சன்ஸ் நகரிலேயே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இலங்கை ஆமிக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்? என்ரை பிள்ளைக்கு வேறை ஆளே கிடைக்கேல்லை?

மார்ச் 5

விசாரிக்காமல் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. என் தம்பி கஜதீபன் இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் பக்கத்தில் பெற்றோல் செட் வைத்திருக்கிறான். இவனுக்கும் அதே ஊர்தானாம். பெயரை எழுதி அனுப்பினேன். என்ரை மனுசன் இவர், "தொடங்கிட்டாய்" என்றுவிட்டு டிவிச் சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 12

கடவுளே. தம்பி விசாரித்துச் சொல்லிவிட்டான். மேலதிகாரிக்கு அடித்து ஆமியிலிருந்து கலைக்கப்பட்டவனாம். இரண்டு கலியாணம் கட்டி இரண்டையும் விட்டவன். குடி வேறு. எல்லாவற்றையும் கஜந்தியின் முகத்துக்கு நேரே கொட்டினேன். டேனிஷில் ஏதோ கத்திவிட்டு, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 13

போன் எடுக்கிறாள் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

அவனே வந்து வாசலில் நின்றான். இவர் உள்ளே விட்டுவிட்டார். அவனுடைய டேனிஷ் என்னுடையதைவிட மோசம். தம்பி சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேந்தப் பேந்த முழித்தான். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினான். ஜேம்ஸ் ஆலன். நான் அனுப்பியது ஆலன் ஜேம்ஸ்! எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் என்று நினைத்து ஆலனை முன்னால் போட்டிருக்கிறேன். அந்த ஊரில் ஆலன் ஜேம்ஸ் என்று வேறொரு பழைய ஆமிக்காரன் இருக்கிறானாம். இவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கம் இன்னொரு பக்கம்.

ஆனாலும் கேட்காமல் விட மனம் வரவில்லை. "ஆரையும் சுட்டனீரோ?"

"ஓம், சுட்டனான். செத்தவையோ தெரியாது. கஜந்திக்கும் சொல்லிப்போட்டன்."

மிச்சத்தை நான் கேட்காமலே சொன்னான். பக்கத்தில் நின்ற கூட்டாளி செத்ததை, ஆமியை விட்ட பிறகு லொறி ஓடியதை, ஒரு வேலையிலும் நிலைக்காமல் எல்லோரோடும் சண்டை பிடித்ததை. கூடப் போரிட்ட டேனிஷ்காரன் ஒருவனின் கலியாணத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டானாம்.

ஊரிலை என்ரை அண்ணையைச் சுட்ட ஆமிக்காரங்களிலை ஒருத்தனாவது ஓம் எண்டு சொன்னவனோ? இவன் சொல்லிவிட்டான். அழுகை வந்தது, தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

மார்ச் 17

பிழை என்னுடையது என்று கஜந்திக்கு எழுதிப் போட்டேன். பின்னேரம் வந்தாள். புட்டுச் சாப்பிட்டாள். மிச்சத்தை அவனுக்கென்று கட்டிக்கொண்டு போனாள்.

மார்ச் 23

கஜதீபன் கோல் எடுத்தான். "அக்கா, இப்ப சரியான ஆளை விசாரிச்சிட்டன். சொல்லட்டே?"

"வேண்டாமடா," என்றேன். "அவரே வந்து எல்லாம் சொல்லிப்போட்டார். நீ கலியாணத்துக்கு வாற வழியைப் பார்."