அப்பா படிக்கிற கிகுயு

என்ர ராசா,

நைரோபியில நடந்த உன்ர கலியாணத்துக்குப் பிறகு அப்பா உன்னோட கதைக்கேல்லைத்தான். ஆனா நீ பிள்ளையின்ர படம் அனுப்பின நாளில இருந்து இந்த மனுசன் போனைப் பாத்துக் கிகுயு படிக்கிறார். மருமகளோட அவளின்ர பாசையிலதான் கதைப்பாராம். "இஞ்சாரும், வஞ்சிரு இல்லை, வஞ்சிரோ" எண்டு, மருமகளின்ர பேரை நான் சொல்லுறதையும் திருத்துறார். வெள்ளவத்தை ரயில் கடக்கேக்க மட்டும்தான் வாய் ஓயுது.

நேற்று, 'இவளின்ர பேர் இன்னது' எண்டு சொல்லுற பாடம். பிள்ளையின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு "ரேத்வா ரேயாகே நே..." எண்டவர், அப்பிடியே நிண்டிட்டார்.

மூத்த மகளுக்குத் தகப்பன்ர தாயின்ர பேர் வைக்கிறதுதான் தங்கட வழக்கமெண்டு வஞ்சிரோ என்ர பேரையெல்லோ வைச்சிருக்கிறாள்! கலியாணம் கட்டின நாளில இருந்து நான் அவருக்கு வெறும் 'இஞ்சாரும்'தான், ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒரு ரயில் போய் முடிஞ்சுது. பிறகு சொன்னார், மெதுவா, சுத்தமா. சொல்லிப்போட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பாத்தார். நான் கேக்காத மாதிரி வெங்காயம் வெட்டினன்.

மூண்டு பேரும் வாங்கோ ராசா. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். பேத்தியும் நானும் சேர்ந்து திரும்பிப் பாப்பம்.

உன்ர வரவைப் பாத்திருக்கிற
அம்மா