கழுகின் கண்

பேரனுக்கு,

அன்புள்ள என்று எழுதி, அடித்துவிட்டேன்.

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. விமானப்படைச் சட்டையில் தைக்கும் பேட்ச்களைக் கண்ணாடிக்குள் அழகாகத்தான் அடுக்கியிருக்கிறாய். நடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, "கண் இல்லாத கழுகு. படிக்காத தையல்காரி செய்த அபூர்வத் தவறு" என்று சீட்டு ஒட்டியிருக்கிறாய். அதை வாசிக்க என் அஞ்சாம் வகுப்பே போதுமானதாக இருந்தது.

உன் தாத்தா மெக்கானிக்காக இருந்த விமானப் பிரிவுக்கு, அந்த ஸ்குவாட்ரனுக்கு, நூறு கழுகு பேட்ச் தைத்துக் கொடுத்தேன். ஒன்றில்கூட ஒரு நூல் பிசகியதில்லை. அடுத்த கழுகுக்குக் கண் வைக்க ஊசி கோத்தபோதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. பழுது பார்த்த விமானத்தைச் சோதிக்க, விமானியோடு உன் தாத்தாவும் ஏறிப் போயிருந்தார். "நான் கை வச்ச இஞ்சின், நானே ஏறலேன்னா வேற யாரு நம்புவா?" என்பார். இருவரும் திரும்பவில்லை. அதற்கப்புறம் அந்தத் துணியை நான் தொடவில்லை.

அந்தக் கழுகை அனுப்பச் சொன்னதோடு, "அதே தப்போட இன்னும் நாலு போட்டுக் குடு பாட்டி, மத்தவங்ககிட்ட குடுத்து வேற பேட்ச் வாங்கிக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். தாத்தாவைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை.

நீ கேட்ட பேட்சை இத்துடன் வைத்திருக்கிறேன். நேற்று உட்கார்ந்து கண்ணை வைத்துவிட்டேன். இனி அது நூற்றோடு நூற்றொன்று. அந்தச் சீட்டைக் கிழித்துவிடு.

இப்படிக்கு,
தையல்காரி