கிருபை அகலக் கரைதான் கட்டுவாள்

ஏங்க,

நம் மகள் கிருபைக்குத் தைத்த ஜாக்கெட்டை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் டெய்லரிடம் போகிறேன். பெண் பார்க்க அவர்கள் நாலு மணிக்கு வருவதற்குள் திரும்பிவிடுவேன். கேசரி கிண்டி மூடி வைத்திருக்கிறேன்.

“ஏட்டி, குட்டையும் குண்டுமான புள்ளைக்கு அகலக் கரை ஆகாது, கருநீலச் சேலையைக் கட்டிவிடு” என்று நேற்று உங்கள் அக்கா சொன்னது சரிதான். அகலக் கரை உயரத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும். கருநீலத்தில் நெடுக்குக் கோடு ஓடினால் பார்க்கிற கண்ணும் மேலும் கீழுமாக ஓடும். ஆள் ஒல்லியாகத் தெரிவாள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் நைட்டியில் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டோம் என்பார்கள். அவளுக்குப் பிடித்த அகலக் கரை மஞ்சளையே கட்டட்டும். இருக்கிறபடி பிடித்தவன் வரட்டும்.

ஜெயபாய்

பி.கு. கருநீலத்தைப் பீரோவில் தேட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். அதை நான் கட்டிக்கொண்டு போகிறேன்.